கருத்த கறியும் ஜெபினின் சத்தியமும்

பல்லாவரத்தில் மாட்டுக்கறி வறுவல் கடை நடத்தும் ஞானாம்பாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை ஜெபினோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏழு வருடமாக அவனிடம்தான் கறி வாங்குகிறாள். அன்று வந்த கறி கருத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. எவ்வளவு நேரம் வதக்கியும் உள்ளே சிவப்பு போகவில்லை. வேகவில்லை என்று நான்கு பேர் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"பழசைத் தலைல கட்டிட்டு இன்னாத்துக்கு சத்தியம் பண்ற?" என்றாள்.

"காலைல வெட்னதுக்கா. என் கண்ணால பாத்தேன்." என்றான் ஜெபின்.

தட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருத்தி ஜீவிதா. தாம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில் இறைச்சியின் புரதங்களை ஆராய்வது அவள் வேலை.

"அந்தக் கறில ஒரு துண்டு குடுங்கக்கா. இனிமே வாராவாரம் ஒரு துண்டு எனக்கு வேணும். யார் சொல்றது சரின்னு பாத்துடலாம்."

ஆறு வாரம் ஐஸ் பெட்டியோடு மின்சார ரயிலில் போய் வந்தாள். ஞானாம்பாளோ கறியை ஜெபினிடமேதான் வாங்கினாள். அவனைப் போல ஜவ்வு எடுத்து வெட்டித் தர அங்கே ஆளில்லை. எத்தனை கிலோ என்பதை மட்டும் விரலால் காட்டுவாள்.

ஏழாம் வாரம் ஜீவிதா இருவரையும் கறிக்கடையில் நிறுத்தி ஒரு தாளை விரித்தாள்.

"கறி பழசு இல்ல. அக்கா சொன்ன குறையும் பொய்யில்ல. மாடு பயந்து, களைச்சுப்போனா உடம்புல இருக்கிற தெம்பு வெட்டுறதுக்கு முன்னாடியே தீர்ந்துடும். அப்புறம் கறி கருத்துடும், வேக வெச்சாலும் சிவப்பு போகாது. கருத்த துண்டுல எல்லாம் சில புரதங்களோட அளவு மாறியிருக்கு. அதை வெச்சுதான் சொல்றேன்."

ஜெபின் யோசித்தான். "ஞாயித்துக்கெழம மாடு இப்பல்லாம் சனிக்கெழம ராத்திரிதான் லாரில வருது. நெருக்கி ஏத்தினு வராங்க. தண்ணி கூட வெக்கறதில்ல."

மறுநாளே மாட்டு வியாபாரியிடம் போனான். மாடுகள் வியாழனே வர வேண்டும், நிழலில் கட்டித் தண்ணீரும் வைக்கோலும் வைக்க வேண்டும் என்றான். வியாபாரி சிரித்தார். ஜெபின் அடுத்த இரண்டு ஞாயிறும் கடையைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் வியாபாரி வழிக்கு வந்தார்.

அந்த ஞாயிறு கறி செக்கச்செவேலென்று இருந்தது. ஞானாம்பாள் விரலால் அழுத்திப் பார்த்தாள். கையில் ஒட்டவில்லை.

"ஆறு கிலோ குடு, ஜெபினு," என்றாள். பிறகு தணிந்த குரலில், "நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்," என்றாள்.

"வுடுக்கா," என்று அவன் கத்தியை எடுத்தான். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

ஜீவிதாவின் தாளை அவன் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். கோடும் புள்ளியுமாக இருக்கும் அது என்னவென்று கேட்பவர்களிடம், "மாட்டோட ஈசிஜி சார்," என்கிறான். ஜீவிதா இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.