நாத்தனார் கேட்ட பந்து

அந்த விசில் மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் சிவகாமசுந்தரிக்கு விஷயம் புரிந்தது.

எதிரணியின் சாஃப்ட்பால் பயிற்சியாளர், முதல் பேஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தடித்த பெண்மணி. வாயில் இரண்டு விரலை வைத்து ஒரே ஒரு விசில், அவ்வளவுதான். அடுத்த நொடி சிவகாமியின் அணியில் பந்து வீசும் கதீஜாவின் கையிலிருந்து மெதுவான பந்து புறப்பட்டது. மட்டையோடு நின்ற கேலாங் அணிப் பெண் அவசரப்படவே இல்லை. பந்து வரும்வரை காத்திருந்து, இழுத்து ஓர் அடி. பந்து புல்லை உரசிக்கொண்டு போயிற்று. இரண்டு பேர் ஓடி வந்து பிளேட்டைத் தொட்டு ஆளுக்கொரு ஓட்டம் சேர்த்தார்கள்; இன்னும் இரண்டு பேர் பேஸுகளில் ஏறிக்கொண்டார்கள்.

ஐந்துக்கு இரண்டு என்றிருந்த ஆட்டம் ஐந்துக்கு நான்கு ஆகிவிட்டது. கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தியை அவுட் ஆக்கினால் கோப்பை; மூன்றாவது பேஸிலும் இரண்டாவது பேஸிலும் நிற்கிறவர்கள் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் தோல்வி.

சிவகாமி தன் ஜடையைப் பார்த்துக்கொண்டாள். அது தோளுக்கு முன்னால் கிடந்தது. அதை இழுத்து முன்னால் போட்டவள் அவள்தான்.

ஜடையை முன்னால் போட்டால் மெதுவான பந்து. காதுத் தோட்டைத் தொட்டால் வேகமான பந்து. பெஞ்சில் உட்கார்ந்தபடி அவள் இப்படிச் சொல்ல, பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் மங்களம் அதைப் பார்த்து, தொடைகளுக்கு நடுவே விரலை நீட்ட, அதைப் பார்த்து கதீஜா வீசுவாள். மூன்று மாதமாக இப்படித்தான் நடந்தது. அதை அந்தத் தடித்த பெண்மணி கண்டுபிடித்துவிட்டாள்.

எந்தப் பந்தைக் கேட்பது என்று தீர்மானிப்பது கேட்சரின் வேலை. சிவகாமியே அந்த இடத்தில் நான்கு வருடம் ஆடியவள். போன வருடம் வலக்கை மோதிர விரல் உடைந்து சரியாகக் கூடாமல் போனதால் பெஞ்சுக்கு வந்து, சின்னப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். கதீஜாவுக்கு ஒரு பந்து தவறினால் போதும், "கண்ண எங்கடி வெச்சிருக்க?" என்று ஃபேரர் பார்க் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். ஆனால் மங்களத்திடம் மட்டும் அவளுக்கு வாய் திறக்கவில்லை. பதினைந்து வயது மங்களம் தங்கராஜுவின் தங்கை. தங்கராஜுவுக்குத்தான் சிவகாமியைப் பேசியிருந்தார்கள்.

பேசியிருந்தார்கள், அவ்வளவுதான். தாம்பூலம் மாற்றவில்லை. டெலிபோன் ஆபீஸ் குமாஸ்தா தங்கராஜு, தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மைதானத்தில் இவளைப் பார்த்து, வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். அவனுடைய தாயார் லட்சுமி அம்மாளுக்குத்தான் மனம் வரவில்லை. "அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு மைதானத்துல குந்தியிருக்கிற பொண்ணா?" என்று கேட்டவர், பிறகு ஒரு யோசனை செய்தார். தன் மகளையே அந்த அணியில் சேர்த்துவிட்டார். "மூணு மாசம் எம்பொண்ணு அவகூடப் பழகட்டும். கடைசி ஆட்டத்த நானும் வந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

இது சிவகாமியின் காதுக்கு வந்தது. வந்தபிறகு மங்களத்தை எப்படித் திட்டுவது? அந்தப் பெண் தப்பான பந்தைக் கேட்டால், "பரவாயில்லம்மா" என்றாள். மறுபடி தப்பாகக் கேட்டால், "பரவாயில்லம்மா, நான் பெஞ்சுலேர்ந்து சொல்றேன், நீ பாத்துக்க" என்றாள். சுலபமாக இருந்தது. ஜெயித்துக்கொண்டும் வந்தார்கள்.

இப்போது வேப்பமரத்தடியில், விரித்த செய்தித்தாள் மேல், குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு லட்சுமி அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கராஜு, நகத்தைக் கடித்தபடி நின்றான். புக்கிட் தீமா பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பிளேட்டுக்குப் பின்னாலிருந்து மங்களம் பெஞ்சைப் பார்த்தாள். சைகைக்காகக் காத்திருந்தாள்.

சிவகாமி எழுந்து நடுவரிடம் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தாள். அந்த இருபது அடி தூரமும் மரத்தடியிலிருந்து ஒரு ஜோடிக் கண்கள் தன் முதுகில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மங்களம் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கினாள். மூக்கு நுனியில் வியர்வை. "என்ன அண்ணி?"

"இனிமே என்னப் பாக்காத. நம்ம சைகையெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பந்த நீதான் கேக்கணும்."

"நானா?" மங்களத்தின் முகம் வெளுத்தது. "வேற சைகை வெச்சுக்கலாம். மூக்கத் தொட்டா வேகம், கழுத்தத் தொட்டா..."

"ரெண்டு பந்துல அதையும் பிடிச்சிருவாங்க. நீயே கேளு."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லிக் கொடுக்கவே இல்லையே!"

சிவகாமிக்குச் சுருக்கென்றது. "மூணு மாசமா என்ன செஞ்சேன்?"

"கதீஜாவுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அவ தப்புப் பண்ணா கத்துவீங்க, மறுபடி போடச் சொல்வீங்க. நான் தப்புப் பண்ணா பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா. எனக்கு ஒண்ணும் வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது." மங்களம் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் போய் அம்மாகிட்ட வத்தி வெப்பேன்னு பயம் உங்களுக்கு."

பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே கதீஜா வந்து சேர்ந்தாள். "என்னக்கா, இங்கேயே கல்யாணப் பேச்சா? மழை வருது லா."

"நீ சும்மா இருடி!" இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவகாமி மரத்தடிப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். லட்சுமி அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பூலத் தட்டு கை நழுவிப் போவதென்றால் இந்த நிமிஷத்தில் போகட்டும். அதற்காக இந்தப் பெண்ணை இன்னொரு முறை ஏமாற்ற அவளால் முடியவில்லை.

"ஆமா, பயம்தான்," என்றாள். "அதனால சொல்லாம விட்டத இப்பச் சொல்றேன், கேளு. நீ பந்தையே பாத்துக்கிட்டு இருக்க. அடிக்க வர்றவள ஒருநாளாவது பாத்தியா? அவ கால் எங்க இருக்கு, கை எங்க இருக்கு, ஏதாவது தெரியுமா உனக்கு? இதோ வர்றாளே ஏழாம் நம்பர், போன தடவ எதை அடிச்சா?"

"மெதுவானத."

"வேகமானதுக்கு மட்டை எப்ப வந்துச்சு?"

"லேட்டா. பந்து என் கைக்கு வந்தப்புறம்."

"தெரியுது இல்ல! அப்புறம் என்ன தெரியாதவ மாதிரி நடிப்பு? மக்கு!"

மக்கு என்ற சொல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லட்சுமி அம்மாள் குடையை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார்.

மங்களத்தின் கண் கலங்கியது. ஆனால் அவள் முகமூடியை இழுத்து இறக்கினாள். "போங்க. போய் உக்காருங்க. கைய கட்டிக்குங்க. கை ஆடுனா நான் பாத்துருவேன்."

சிவகாமி பெஞ்சுக்கு வந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தாள். பொய்ச் சைகை காட்டி அந்தத் தடிச்சியை ஏமாற்றலாமே என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம். காட்டினால் மங்களம் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவாள்.

ஏழாம் எண் பெண் வந்து நின்றாள். உயரமான சீனப் பெண். மட்டையை அனாயாசமாகச் சுழற்றினாள். எதிரணிப் பயிற்சியாளர் பெஞ்சையே முறைத்தாள். அங்கே அசைவில்லை. இரண்டு விரலும் வாய்வரை போய், ஊதாமல் இறங்கின.

கதீஜாவின் கை ஒரு சுற்றுச் சுற்றியது. வேகமான பந்து, உடம்பை ஒட்டி. மட்டை தாமதமாக வந்தது. மங்களத்தின் கையுறையில் பந்து 'டப்'பென்று விழுந்தது. ஒன்று.

அதேதான், அதேதான் என்று சிவகாமி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கையை இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

மறுபடி வேகம், இந்த முறை சற்று வெளியே. மட்டை நுனியில் பட்டுக் கோட்டுக்கு வெளியே தெறித்தது. இரண்டு. கேலாங் பக்கத்துச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. இன்னும் ஒன்று தவறினால் அவள் அவுட். இன்னும் ஒரே ஒரு வேகமான பந்து. சிவகாமி கதீஜாவின் வலக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோட்டைத் தொட விரல்கள் துடித்தன.

மங்களம் வெகுநேரம் குந்தியிருந்தாள். கதீஜா ஒருமுறை தலையை ஆட்டி மறுத்தாள். மங்களம் மறுபடி விரலை நீட்டினாள். கதீஜா உதட்டைப் பிதுக்கிவிட்டு ஒப்புக்கொண்டாள்.

பந்து கையைவிட்டுப் புறப்பட்டபோதே சிவகாமிக்குத் தெரிந்துவிட்டது. மெதுவான பந்து.

அந்தப் பெண் ஏமாந்துதான் போனாள். மட்டையை முன்னாலேயே வீசிவிட்டாள்; உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இருந்தும் பந்து எங்கேயோ மட்டையில் பட்டது. சோப்புக் குமிழி மாதிரி எழும்பி, கதீஜாவின் தலையைத் தாண்டி, ஓடி வந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே புல்லில் பொத்தென்று விழுந்தது. மூன்றாவது பேஸ்காரி வந்துவிட்டாள். ஐந்துக்கு ஐந்து. யாரோ பந்தைப் பொறுக்கி வீசினார்கள். இரண்டாவதுகாரி புழுதி பறக்கச் சறுக்கிக்கொண்டு வந்தாள். மங்களம் பந்தைப் பிடித்துத் திரும்பி, குப்புற விழுந்து, அவள் காலைத் தொட்டாள்.

நடுவர் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். அவுட் இல்லை. ஐந்துக்கு ஆறு.

கேலாங் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். மங்களம் எழுந்திருக்கவே இல்லை.

சிவகாமி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரவாயில்லம்மா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஏன் மெதுவானதக் கேட்ட?"

"திட்டப் போறீங்களா?"

"காரணத்தச் சொல்லு மொதல்ல."

மங்களம் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். புழுதியும் கண்ணீரும் சேர்ந்து மீசை மாதிரி ஆயிற்று. "ரெண்டாவது பந்துக்கு அப்புறம் அவ ஒரு அடி பின்னால தள்ளி நின்னா. மட்டையையும் ஏத்திப் பிடிச்சா. வேகமானதுக்குத் தயாராயிட்டா அண்ணி. அத மறுபடி போட்டா மரத்தத் தாண்டி அடிச்சிருப்பா."

கதீஜாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பெண்ணின் காலைச் சிவகாமி பார்க்கவே இல்லை.

"சரி," என்றாள். "கேட்ட பந்து சரி. நானா இருந்தா வேகமானதத்தான் கேட்டிருப்பேன், அதுதான் தப்பாப் போயிருக்கும். ஆனா கையுறைய எங்க வெச்ச?"

"எங்கன்னா... நடுவுல."

"நடுவுல வெச்சா கதீஜா நடுவுலதான் போடுவா. மெதுவானதக் கேட்டா கையுறைய முழங்காலுக்குக் கீழ, வெளிய வைக்கணும். அவ மட்டை எட்டவே எட்டாது. பாதி வேல செஞ்ச, மிச்சத்த மறந்துட்ட."

"அதச் சொல்லிக் குடுத்தீங்களா நீங்க?"

"இல்ல. அது என் தப்பு. நடுவுல வெச்சது உன் தப்பு."

"அதெப்படி ரெண்டும்..."

"ஏண்டி, தோத்துப் போயும் சண்டையா?"

லட்சுமி அம்மாள் குடையும் கையுமாக வந்து நின்றார். பின்னால் தங்கராஜு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவன் மாதிரி. சிவகாமி சட்டென்று எழுந்து, அரைக்கால் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அத்தை..."

"எல்லார் முன்னாலயும் எம்புள்ளய மக்குன்ன."

"ஆமாங்க அத்தை." மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. "அவ மக்கு இல்லங்கிறதாலதான் சொன்னேன். இதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

லட்சுமி அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "இவ அப்பா போனதிலேர்ந்து இவள ஒரு வார்த்த சொல்ல முடியல. நான் சொன்னா அழுவா. இவன் சொன்னா ரெண்டு வேள சாப்பிட மாட்டா. இப்ப நீ சொன்னதுக்கு எதுத்துப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கா!" குடையால் பிளேட்டுப் பக்கம் சுட்டிக்காட்டினார். "அந்த நெட்டச்சி பின்னால நகந்தது எனக்கே தெரிஞ்சுது. நீ பாக்கலையா?"

"பாக்கல, அத்தை."

"நல்லா சொல்லிக் குடுத்த போ." அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வெள்ளிக்கிழமை உங்கப்பாவ வீட்டுக்கு வரச் சொல்லு. வெத்தல பாக்கு நான் வாங்கி வெக்கிறேன்."

தங்கராஜு பெருமூச்சு விட்டது பெஞ்சுவரை கேட்டிருக்கும். அத்தையின் காலில் விழலாமா, இந்த மண்ணோடு விழலாமா என்று சிவகாமி தடுமாறிக்கொண்டிருக்க, கீழேயிருந்து மங்களம் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசுங்கம்மா. அண்ணி, உக்காருங்க. வேகமானதுக்குக் கையுறைய எங்க வைக்கணும்?"