பேப்பர் பிளேற் கொண்டுவந்தால் போதும்

“நீர் ஒண்டும் சமைக்கவேண்டாம், கரோலின். பேப்பர் பிளேற் கொண்டுவந்தாப் போதும்.”

யூஜினி இதைத் தொலைபேசியில் சொன்னபோது கரோலின் குசினிக்குள் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பேப்பர் பிளேற்றோ, அக்கா?”

“ஓம். கழுவுற வேலையும் மிச்சம். சிங்க்குக்கும் கரைச்சல் இல்லை.”

அந்தச் சிங்க் என்ற சொல்லை யூஜினி வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னாள். கரோலினுக்கு அது விளங்காமலா போகும்?

யூஜினி கரோலினுடைய கணவன் மாக்கஸின் அண்ணன் யேசுரட்ணத்தின் மனைவி. மன்னாரிலிருந்து வந்து இந்தக் குளிர் ஊரில் கால் ஊன்றிய நாள் முதல், நத்தார் மத்தியானச் சாப்பாடு வோபர்னில் உள்ள கரோலின் வீட்டில்தான். பழைய வீடு, சின்னக் குசினி. ஆனாலும் பூசை முடிந்ததும் குடும்பம் முழுக்க அங்கேதான் வந்து குவியும். போன வருடத்தோடு அது போய்விட்டது.

போன வருடம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சுடும். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிங்க் நிரம்பி வழிந்தது. ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பும் பொரித்த தேங்காய் எண்ணெயும் வெளிச்சுவரோடு போகும் குளிர்ந்த குழாய்க்குள் கல்லாக இறுகிவிட்டிருந்தன. நாறல் தண்ணீர் நிலமெல்லாம் ஓடி, யேசுரட்ணத்தின் புதுக் காற்சட்டையின் காலை நனைத்தது. நத்தார் நாளில் வேறு ஒருவரும் வராததால், தெரிந்த பிளம்பர் நிலாம்தான் வந்து குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை இழுத்து வெளியே எடுத்தார்.

“ஆன்ட்டி, இது பைப் இல்ல. மெழுகுதிரி அச்சு,” என்றார்.

நிலாம் சிரித்துவிட்டுப் போய்விட்டார். யேசுரட்ணம் விடவில்லை. கோயிலில் கண்டாலும் கடையில் கண்டாலும் அதே கதைதான்.

“எங்கடை கரோலின் குசினிக்கை மெழுகுதிரி வார்க்கிறா. கோயிலுக்கு வேணுமெண்டா ஓடர் குடுங்கோ!”

அதோடு விட்டாரா? “இனி நத்தார் ஸ்ரௌவ்விலிலை எங்கடை புது வீட்டிலைதான்” என்று தீர்ப்பும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாக்கஸும்தான்.

இப்போது, பேப்பர் பிளேற்.

“சரி அக்கா,” என்றாள் கரோலின். “கொண்டுவாறன்.”

தொலைபேசியை வைத்தவுடன் முற்றத்துக்குப் போனாள். மேப்பிள் இலைகள் காலடியில் நொறுங்கின.

“இஞ்சாருங்கோ! இந்தத் தண்ணி ஹோசைக் கழட்டுங்கோ.”

“நாளைக்குக் கழட்டுவம்,” என்றான் மாக்கஸ்.

“போன வருசமும் நாளைக்குத்தான். பனி உருகேக்கை பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது.”

அவன் முனகிக்கொண்டே கழற்றினான். அவள் பேஸ்மன்ற்றுக்குள் இறங்கி, வெளிக் குழாய்க்குப் போகும் வால்வை மூடினாள். பிறகு மேலே வந்து வெளியே குழாயைத் திறந்துவிட்டாள்.

“உள்ளுக்கை மூடிப்போட்டு வெளியிலை திறக்கிறீர். இது என்ன முறை?”

“இடையிலை நிக்கிற தண்ணி வெளியாலை போகட்டும். நிண்டா உறையும். உறைஞ்சா வீங்கும். வீங்கினாப் பைப் பிளக்கும்.”

“நிலாமின்ரை கூடப்பிறந்த தங்கச்சி மாதிரிக் கதைக்கிறீர்.”

“நிலாமுக்கு இந்த வீட்டிலை இனி வேலையே இல்லாமல் பண்ணிறன். இருந்து பாருங்கோ.”

அவள் எண்ணம் அதோடு நிற்கவில்லை. ஒரு மாரிகாலம் முழுவதும் தன் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிலத்தில் விழாமல் காட்டவேண்டும். காட்டிவிட்டு, நத்தாரைத் திரும்பக் கேட்கவேண்டும். பல் வைத்தியர் ஒருவரின் அலுவலகத்தை நடத்துகிறவள் அவள். பயந்து ஓடுகிற நோயாளியைக் கதிரையில் இருத்தத் தெரிந்தவளுக்கு ஒரு குழாயை அடக்கத் தெரியாதா?

பேஸ்மன்ற்றில் சுவரோரமாகப் போகும் குழாய்களுக்கெல்லாம் பஞ்சு உறை வாங்கி மாட்டினாள். மாக்கஸ் பார்த்துவிட்டு, “பைப்புக்கெல்லாம் காற்சட்டை தைச்சுப் போட்டிருக்கிறீர். சேட்டும் போடுமன்” என்றான். சிங்க் வாயில் சல்லடை வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய பால்மா ரின் ஒன்று வந்தது. பொரித்த எண்ணெய், கறிக் கொழுப்பு, எல்லாம் அதற்குள். சாப்பிட்ட கோப்பையை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவவேண்டும். வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மறிக்கும் மெயின் வால்வை இடைக்கிடை ஒருதரம் மூடித் திறந்தும் பார்த்தாள்.

“அதை ஏன் சும்மா திருகிறீர்?”

“தொடாமல் விட்டா இறுகிப்போகும். அவசரத்துக்குத் திரும்பாது. உங்களைப் போலதான்.”

ஸ்ரௌவ்வில் வீட்டைப் பங்குச் சுவாமி வந்து மந்திரித்த அன்றும் கரோலினின் கண் குழாய்களில்தான் போயிற்று. தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு சுவாமிக்குப் பின்னால் பேஸ்மன்ற்றுக்குள் இறங்கியவள் அவள்தான். வழவழவென்று புதுச்சுவர். அதில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் தண்ணீர் மீற்றரும் மெயின் வால்வும். சுவாமி போன கையோடு யூஜினி ஒரு பெரிய திருஇருதய ஆண்டவர் படத்தைக் கொண்டுவந்து அந்தக் கதவுக்கு மேலேயே மாட்டுவித்தாள்.

“அக்கா, அதுக்குப் பின்னாலைதானே மெயின் வால்வு?”

“அந்தக் கதவு வடிவில்லை. ஆண்டவர் மறைச்சுக்கொண்டு நிக்கட்டும்.”

“அவசரத்துக்கு ஆண்டவரே தண்ணியையும் மறிப்பாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். யேசுரட்ணம் அவள் தோளில் தட்டினார்.

“உமக்கு இப்ப எங்கை பாத்தாலும் வால்வுதான் தெரியுது. இது புது வீடு, கரோலின். இஞ்சை ஒண்டும் அடைக்காது, ஒண்டும் வெடிக்காது. வாரும், கராஜைக் காட்டிறன்.”

கராஜில்தான் அவருடைய பெருமை இருந்தது. மீன் மணம் வீட்டுக்குள் வராமலிருக்க அங்கே ஒரு தனிக் குசினி. அடுப்பு, மேசை, சிங்க். தெரிந்த ஒருவரைப் பிடித்து வீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த கராஜ் சுவரோடு தண்ணீர்க் குழாயை இழுத்திருந்தார்.

“அத்தான், இதுக்குத் தனி வால்வு வைக்கேல்லையோ?”

“உதெல்லாம் தேவையில்லை.”

கரோலின் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சொல்லியும் பயன் இல்லை.

நத்தாருக்கு முந்தின நாளே குளிர் வந்து இறங்கிவிட்டது. மூக்குக்குள் மயிர் குத்துகிற குளிர். நத்தார் காலை, பூசை முடிந்து ஸ்ரௌவ்விலுக்குப் புறப்படுமுன் கரோலின் சிங்க்குக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, மூடிவிடாதபடி பரிசு கட்டும் சிவப்பு நாடாவால் கட்டிவைத்தாள். வீட்டுச் சூடு குழாய்க்குப் பட்டால்தான் தப்பும். குழாயையும் நூல்போல் சொட்ட விட்டாள்; ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. பிறகு பேப்பர் பிளேற் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

ஸ்ரௌவ்வில் வீட்டில் வாசல் முழுக்கச் சப்பாத்து. யூஜினி பட்டுச்சேலையோடு நின்றாள்.

“கொண்டுவந்தீரோ?”

“கொண்டுவந்தன் அக்கா. நல்ல தடிப்பானது.”

கராஜில் யேசுரட்ணம் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், திரும்பச் சூடாக்கிய மஞ்சள் சோற்றுச் சட்டியும் இறைச்சிச் சட்டியும் மூடியபடி இருந்தன. இரவு சமைத்த பானைகள் குளிரட்டும் என்று கராஜ் கதவைக் கொஞ்சம் தூக்கி விட்டிருந்தார். காலையில்தான் அதை இறக்கி, ஹீற்றரை முழு வேகத்தில் போட்டிருந்தார்.

“கதவு இரவு முழுக்கத் திறந்தே கிடந்ததோ, அத்தான்?”

“இயற்கை பிரிஜ், கரோலின்! நீர் சிங்க்கிலை பைப்பைத் திறந்து உந்தத் தட்டைக் கழுவும்.”

அவள் திறந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை.

“அத்தான், இது உறைஞ்சுபோச்சு. ஹீற்றரை நிப்பாட்டுங்கோ, ஐஸ் உருகினாப் பிளந்த இடத்தாலை பாயும். உள்ளுக்குப் போய் மெயினை மூடு…”

அவள் சொல்லி முடிக்கவில்லை. சுவருக்குள் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அடுத்த கணம் சுவர்ப் பலகையின் அடியால் தண்ணீர் பீறிட்டது. மீன் தாச்சியை யேசுரட்ணம் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

“யூஜினி! தண்ணி! தண்ணி!”

யூஜினி வாசலில் வந்து நின்று அலறினாள். “நிப்பாட்டுங்கோவன்!”

“எங்கை நிப்பாட்டிறது?”

“உங்கடை வீடு, என்னட்டைக் கேக்கிறியள்!”

தண்ணீர் உள்வாசலைத் தாண்டிப் புதுப் பலகை நிலத்தில் ஏறியது. பிள்ளைகளைக் கதிரைகளில் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குள் கரோலின் பேஸ்மன்ற் படிகளில் பாதி இறங்கிவிட்டாள்.

“றெபேக்கா! ஓடிவா! படத்தை இறக்கு!”

யேசுரட்ணத்தின் மகள் றெபேக்கா பின்னால் ஓடி வந்து விழித்தாள். “சித்தி, சீரியஸ்லி? இப்ப பிறேயரா?”

“செபம் பிறகு. அந்தப் பக்கத்தைப் பிடி!”

படம் கனம். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உயர்த்தினார்கள்.

“ஆண்டவரே, கொஞ்சம் விலகி நில்லும்,” என்று சொல்லிக்கொண்டே கரோலின் அதைச் சுவரோடு சாய்த்தாள். சின்னக் கதவைத் திறந்தாள். மீற்றர். அதன் பக்கத்தில் நீளப் பிடி. பிடித்தாள், அசையவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினாள். பிடி குறுக்காக வந்து நின்றது.

மேலே சத்தம் தணிந்தது. சீறல் சொட்டாகி, சொட்டும் நின்றது.

“நிண்டிட்டுது!” என்று மேலேயிருந்து மாக்கஸ் கத்தினான். “கரோலின், நிண்டிட்டுது!”

“ஓ மை காட், சித்தி. யூ ஆர் எ லெஜன்ட்.”

மேலே வந்தபோது யூஜினி துவாய்களை நிலத்தில் விரித்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலையின் கரை நனைந்திருந்தது. யேசுரட்ணம் தாச்சியை இன்னும் கீழே வைக்கவில்லை.

“மீன் தப்பீட்டுது,” என்றார்.

“ஆனா இனி வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை, அத்தான். கராஜுக்குத் தனி வால்வு இருந்தா அதை மட்டும் மூடியிருக்கலாம்.”

“இவ்வளவு சனத்தையும் வைச்சுக்கொண்டு…” யூஜினி அழுகிற மாதிரி இருந்தாள். “கை கழுவ, கக்கூசுக்குப் போக…”

கரோலின் அவளை ஒரு கணம் பார்த்தாள். போன வருடம் நாறல் தண்ணீருக்குள் முழங்காலில் நின்றபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“சட்டியளைக் கட்டுங்கோ,” என்றாள். “மாக்கஸ், போர்வையள் எடுங்கோ. எல்லாரும் வோபர்னுக்கு!”

யேசுரட்ணம் சமாளித்துக்கொண்டார். “உங்கடை பைப் மட்டும் இந்தக் குளிருக்கு நிக்குமோ?”

“வந்து பாருங்கோ.”

பானைகளைப் பிள்ளைகள்போலப் போர்வையில் சுற்றி வாகனங்களில் இருத்தினார்கள். மாக்கம் றோட்டால் நேரே தெற்கே, ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள். மாக்கஸ் பேசாமல் ஓட்டினான். அவன் பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“என்ன?”

“ஒண்டுமில்லை.”

“சொல்லுங்கோ.”

“வெளிக்கிடேக்கை சிங்க்கிலை தண்ணி சொட்டிக்கொண்டு நிண்டுது. நீர் மறந்துபோனீர் எண்டு… இறுக்கி மூடிப்போட்டன்.”

கரோலின் கண்ணை மூடினாள். பின்னால் வருகிற கார் எல்லாவற்றிலும் தன்னுடைய நத்தார் வருகிறது. போய்க் குழாயைத் திறந்து, அதுவும் காய்ந்துபோய் நின்றால்? யேசுரட்ணம் சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிவார்.

“கோவமோ?”

“வீட்டை போய்ச் சொல்லுறன், கோவமோ இல்லையோ எண்டு.”

கார் நின்றதும் நிற்காததுமாய் இறங்கிச் சப்பாத்தோடே குசினிக்குள் போனாள். யேசுரட்ணமும் யூஜினியும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். சிவப்பு நாடா கட்டியபடி இருந்தது. அலுமாரிக் கதவுகள் திறந்தபடி. உள்ளே கையை வைத்துப் பார்த்தாள். உறை போட்ட குழாய் இளஞ்சூடாக இருந்தது.

எழுந்து, எல்லோரும் பார்க்கக் குழாயைத் திறந்தாள்.

அது ஒருதரம் இருமியது. பிறகு தடித்த வெள்ளைக் கயிறாகத் தண்ணீர் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே சல்லடைக்குள்ளால் கடகடவென்று இறங்கியும் போனது.

“சுடுதண்ணியும் வருது,” என்றாள் கரோலின், மற்றப் பக்கத்தையும் திருப்பிக்கொண்டு. “கை கழுவுற ஆக்கள் வாங்கோ. அத்தான், முதல் நீங்கள்.”

யேசுரட்ணம் கை கழுவினார். வேறு வழியில்லை. சிங்க்கையும் பார்த்தார், நிலத்தையும் பார்த்தார்.

“காய்ஞ்சுபோய்த்தான் கிடக்கு,” என்றார்.

“காற்சட்டைக்கு ஒண்டும் வராது. பயப்பிடாதேங்கோ.”

சிரிப்பு குசினியிலிருந்து வாசல்வரை போயிற்று. மாக்கஸ்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தான். கோபம் இல்லை என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

சோற்றுச் சட்டி திறந்தபோது இன்னும் ஆவி பறந்தது. றெபேக்கா பேப்பர் பிளேற் கட்டைப் பிரிக்கப் போனாள். கரோலின் அவள் கையைப் பிடித்தாள்.

“அதை வை. மேல் அலுமாரியிலை பீங்கான் கோப்பையள் இருக்கு, அதை எடு.”

“இவ்வளவு பேருக்குமா? ஆர் கழுவிறது, சித்தி?”

“கழுவத் தண்ணி இருக்கிற வீட்டிலை பேப்பரிலை ஏன் தின்னவேணும்?”

சாப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் வரிசையில் நின்று கோப்பையைக் காகிதத்தால் துடைத்துத் தந்தார்கள். கரோலின் சிங்க்குக்குப் பக்கத்தில் காவல் நின்றாள். யேசுரட்ணம் மீன் பொரித்த தாச்சியோடு வந்து, ஒருதரம் சிங்க்கைப் பார்த்து, ஒருதரம் அவளைப் பார்த்தார்.

“இந்த எண்ணெயை எங்கை ஊத்திறது, கரோலின்?”

அவள் பால்மா ரின்னை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.

“வாற வருசத்துக்கும் இந்த ரின்னை வைச்சிரும்,” என்றார்.

“ஏன் அத்தான்? வாற வருசம் ஸ்ரௌவ்விலிலையெல்லோ?”

“விசர்க் கதை கதையாதையும். நத்தார் இஞ்சைதான்.”

மாலை, வெளிக்கிடும்போது யூஜினி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, “பைப் திருத்த ஆக்கள் எப்ப வருவினமோ தெரியேல்லை” என்றாள்.

“நிலாமிட்டைச் சொல்லிப்போட்டன், அக்கா. நாளைக்கு விடிய வருவார். தனி வால்வும் வைக்கச் சொன்னனான்.” கரோலின் உள்ளே போய், உடைக்காத பேப்பர் பிளேற் கட்டை எடுத்துவந்து யூஜினியின் கையில் வைத்தாள்.

“இதைக் கொண்டுபோங்கோ. தண்ணி வருமட்டும் தேவைப்படும்.”