முன்பக்கம் இல்லாத சட்டை வழக்கு

திருப்பூரில் சாம்பிள் பார்க்காமல் யாரும் எதற்கும் தலையாட்ட மாட்டார்கள். பனியன் கம்பெனி ஈஸ்வரமூர்த்திக்குச் சட்டையும் ஒன்றுதான், பெற்ற மகளின் படிப்பும் ஒன்றுதான்.

மகள் இந்துமதிக்கு நெதர்லாந்தில், ஹேக் நகரத்தில், சர்வதேசக் குற்றவியல் சட்டத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருந்தது. படிப்புச் செலவுக்கு அப்பா கையெழுத்துப் போட்ட உத்தரவாதக் கடிதம் அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. மூன்று வாரமாகக் கெஞ்சிக் கெஞ்சி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். மனிதர் அசைந்தால்தானே!

“ஏங்கண்ணு, அதப் படிச்சு என்னதான் பண்ணுவீங்க?”

“போர்க்குத்தம் பண்ணுனவங்களக் கூண்டுல ஏத்துவோமுங்கப்பா.”

“அப்ப ஒரு சாம்பிள் காட்டு. புடிச்சிருந்தாக் கையெழுத்து.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டிங் மேசையைச் சுற்றி மொத்தக் கம்பெனியும் கூடிவிட்டது. குற்றவாளிகூடத் தயார். கட்டிங் மாஸ்டர் தங்கவேலு. ஜெர்மனிக்குப் போன மூவாயிரம் குழந்தைச் சட்டைகளில் முன்பக்கத்தையும் முதுகுப்பக்க அளவிலேயே வெட்டித் தள்ளிய புண்ணியவான். இரண்டு பக்கமும் முதுகு! ஒரு குழந்தைக்கும் தலை நுழையவில்லை. ஜெர்மனிக்காரன் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டான். அன்றோடு தங்கவேலுவை வேலையை விட்டு அனுப்புவதாக முடிவாகியிருந்தது.

“வெட்டுனது இங்க, தலை மாட்டுனது ஜெர்மனில. சர்வதேசக் குத்தந்தானே?” என்றபடி ஈஸ்வரமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு நீதிபதியாக உட்கார்ந்துகொண்டார். அவர் கம்பெனி, அவர் நாற்காலி. யார் கேட்பது?

இந்துமதிக்கு அழுகையே வந்துவிட்டது. இனப்படுகொலை வழக்கில் வாதாடக் கனவு கண்டவளுக்குப் பனியன் வழக்கு என்று தலையில் எழுதியிருக்கிறது. சரி, தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. எப்படி நடந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

“பேட்டர்ன் அட்டை மாறிப்போச்சுங் கண்ணு. என்ற தப்புத்தானுங்க,” என்றார் தங்கவேலு, தலையைக் குனிந்துகொண்டு.

அத்தோடு விட்டிருந்தால் அப்பாவுக்குச் சந்தோஷம், கடிதமும் கையில். ஆனால் படித்த பாழாய்ப்போன புத்தி விட்டதா? “இது வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டு வைத்தாள்.

செக்கிங்கில் இருக்கும் மயிலாள் தயங்கித் தயங்கி எழுந்தாள். “வெட்ட ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே மொதலாளிகிட்டச் சொன்னனுங்க, தலை போக மாட்டீங்குதுன்னு. வெள்ளக்காரக் கொழந்தைக்குத் தலை சிறுசு, நீ வேலையப் பாருன்னு சொல்லிப்போட்டாருங்க.”



மாட்டிக்கொண்டது அப்பா என்று இந்துமதிக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னாள். “ஆளுக பண்ற குத்தம் தெரிஞ்சும் தடுக்காத தளபதியும் குத்தவாளிதான். நான் படிக்கப் போற சட்டமே அதானுங்கப்பா.”

ஈஸ்வரமூர்த்தியின் முகம் சாயப்பட்டறையில் முக்கி எடுத்ததுபோல ஆயிற்று.  பிறகு நீதிபதி நாற்காலியில் இருந்தபடியே, “சாட்சி சரிதான். குத்தவாளி நாந்தான்,” என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, “இதுக்கு அப்பீல் எங்க?”

“சர்வதேசக் கோர்ட்டு ஹேக்லீங்க.”

“நீ படிக்கற ஊருதானே? அங்க எனக்காக வாதாடி ஜெயிச்சுக் குடுப்பியா?”

சும்மா தலையாட்டினால் போதும். ஒரே ஒரு பொய். மணி நாலரை.

“அங்கியும் நீங்க தோத்துத்தான் போவீங்கப்பா.”

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“அதையும் பாத்தர்லாம்!” ஈஸ்வரமூர்த்தி கடிதத்தைப் பிடுங்கி, பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு திரும்பி, “தங்கவேலு, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு. அப்படியே ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. ஹேக்ல என்ற பக்கம் சாட்சி சொல்ல ஆளு வேணுமல்ல!” என்றார்.