அவசரத்தார் தோட்டத்துப் பழம்

எதையும் நேரத்துக்கு முன்னாடியே செய்துமுடிப்பவர் என்பதால் அவருக்கு அவசரத்தார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாயங்காலக் கல்யாணத்துக்கு மத்தியானமே போய் நாற்காலி பிடிக்கிற ஆள். அதனால் அந்த வருஷம் தன் பீச் மரங்களில் பழங்கள் மற்ற தோட்டங்களை முந்திக்கொண்டு சிவந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, மரமும் என்னை மாதிரியே!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

அவள் காதில் வாங்கவில்லை. அவள் ஆசையாக வளர்த்த கிளாடியோலஸ் பூச்செடிகளின் இலைநுனியெல்லாம் நெருப்பில் காட்டினாற்போல் கருகிக் கிடந்தன. "கண்டபடி தண்ணி ஊத்தியிருப்பே," என்றார் அவசரத்தார். அன்று அவர் தட்டில் எதிலும் உப்பில்லை.

பக்கத்து மேட்டில் செங்கல் சூளை வைத்திருந்த மச்சினன், பழ வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்தான். அவசரத்தார் இருப்பதிலேயே சிவப்பான பழத்தை நீட்டினார். வியாபாரி கடித்தார். பழத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டுச் சிவப்பு கூழாகி அவர் சட்டையில் வழிந்தது. மிச்சம் கல்லாக இருந்து பல்லைப் பதம் பார்த்தது.

"இதைத் திங்கிறதா, குடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வண்டியேறிவிட்டார்.

அவசரத்தார் உடனே தோட்டக்கலை அதிகாரியம்மாவை வரவழைத்தார். அவர் பழத்தையும் கிளாடியோலஸ் இலையையும் பார்த்துவிட்டு மேட்டைக் காட்டினார்.

"ஃபுளோரைடுங்க. செங்கல் சுடும்போது களிமண்ணுல இருந்து புகையோட வெளியேறுது. பீச்சுல நடுக்கோடு மட்டும் சீக்கிரம் பழுத்து அழுகிடும். கிளாடியோலஸ்தான் முதல்லயே காட்டிக்கொடுக்கும். நீங்க கவனிக்கலையா?"

மனைவி கணவரைப் பார்த்த பார்வையில் இன்னும் நாலு இலை கருகியிருக்கும். அவர் சட்டென்று மச்சினன் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ள, இப்படியா என் குடியைக் கெடுப்பே?"

"மாமா, புகைபோக்கியில சுண்ணாம்புக்கல் வடிகட்டி வைக்கணும்னு கொத்தனார் தலையால அடிச்சுக்கிட்டாரு. 'அதுக்கெல்லாம் எங்கடா நேரம், முதல்ல பத்தவை'ன்னு சொன்னது யாரு?"

அதிகாரியம்மா இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

அன்றே சூளையை அணைத்தார்கள். வடிகட்டி வைத்த பிறகே மறுபடி பற்றவைப்பது என்று மச்சினன் அக்காவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். முன்னாலேயே சிவந்த பழமெல்லாம் குழிக்குப் போனது. இன்னும் காயாக இருந்த மரங்களுக்கு, ஃபுளோரைடு தாக்காமலிருக்க, அதிகாரியம்மா சொன்னபடி மாமனும் மச்சினனும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தார்கள். காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்ததால் பாதி மரத்துக்கு, பாதி இவர்களுக்கு.

வெள்ளையடித்த சுவர் மாதிரி இருவரும் வாசலில் வந்து நின்றபோது மனைவி கதவைப் பாதி திறந்து, "யாருங்க வேணும்?" என்றாள்.

பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், வெந்நீர் வைக்க உள்ளே போனாள்.