இரண்டு காதிலும் ஒரே தேங்காய்

ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை. ஷட்டரை இசக்கிசெல்வி முழுதாக உயர்த்திக்கூட முடிக்கவில்லை, அதற்குள் அனந்த் குனிந்து உள்ளே வந்துவிட்டான். போன வாரம் வாங்கிக்கொண்டு போன இயர்போனைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். ஒயரை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பிடித்துப்போன பொருளை யாரும் அப்படிச் சுற்றிக் கொண்டுவருவதில்லை.

"செல்வி, கோச்சுக்காதீங்கோ. இதுல வலப்பக்கம் மந்தமா கேக்கறது."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டுப் பார்த்து விற்ற ஜோடி அது. மூன்று வருஷமாக அவள் கை பட்டுப் போன ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை என்று அந்த வரிசையில் இருக்கிற கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த மூன்று மாதமாகத்தான் ஏதோ சனி பிடித்த மாதிரி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து நாலைந்து கடை தள்ளி சத்தியநேசனின் கடை. மொபைல் கவர், சார்ஜர், பேட்டரி எல்லாம் மற்றவர்களிடம் இருப்பதுதான். ஆனால் காதுக்குள் நுழைகிற ரப்பர் முனை வைத்த புது ரக இயர்போன் வந்தபோது மற்றவர்கள் அதை வேர்க்கடலை மாதிரி அள்ளிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் பாடும், மறுபக்கம் முனகும். சத்தியநேசன் கடையில் மட்டும் ஒவ்வொன்றையும் செல்வி காதில் வைத்துப் பார்த்துத்தான் விற்பனைத் தட்டில் போடுவாள். பேராசிரியர்களும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களும் வந்து, செல்வி பார்த்த பீஸ்தானே என்று கேட்டு வாங்கிப் போனார்கள். கடைக்குப் பெயர் வந்ததே அவள் காதால்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட அவளிடம் வேறு என்ன இருந்தது?

பாட்டுப் போட்டுக் கேட்டால் மனசு பாட்டோடு போய்விடும் என்று, சோதிப்பதற்கு அவர்கள் வேறு ஒன்று வைத்திருந்தார்கள். முன்பொருநாள் சத்தியநேசன் கோயில் முன்னால் நின்று தேங்காய் உடைக்கிற சத்தத்தைத் தன் எம்பி3 பிளேயரில் பதிந்துவந்தார். ஒரே மைக்கில் பதிந்ததால் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் வரவேண்டும். முதலில் கோயில் மணி. அடுத்து சத்தியநேசன் தொண்டையைச் செருமுவார். பிறகு தேங்காய் உடையும். மட்டமான பீஸில் வெறும் 'தொம்' என்று கேட்கும். சுமாரான பீஸில் ஓடு விரிகிறது கேட்கும். நல்ல பீஸ் என்றால் சில்லுகள் கல்லில் சிதறி ஓடுவதும், கடைசியில் தண்ணீர் தெறிக்கிறதும் கேட்கும். "தண்ணி தெறிக்கது கேக்கா? கேட்டா எடுங்க, இல்லன்னா வச்சிருங்க," என்பதுதான் அவளுடைய வியாபாரப் பேச்சு.

இந்த அனந்த் வலியசாலைக்காரன், ஆடிட்டர் ஆபீசில் வேலை. இயர்போன் தேர்ந்தெடுக்க மூன்று சனிக்கிழமை எடுத்துக்கொண்ட ஆள். இதில் வீணை கிட்டத்தில் இருக்கிறது, அதில் மிருதங்கம் வயிற்றுக்குள் அடிக்கிறது என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே நிற்பான். நாளைக்குப் பெண் பார்க்கப் போனாலும் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான் என்று சத்தியநேசனே அவன் காதுபடச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்படிப்பட்டவன் மந்தம் என்றால் சும்மா சொல்ல மாட்டான். அதுதான் அவளை உறுத்தியது.

ஜோடியை வாங்கிக் காதில் வைத்தாள். மணி, செருமல், தேங்காய். இரண்டு பக்கமும் சரிசமமாக உடைந்தது.

"நல்லாத்தான் இருக்கு சார்."

"இல்ல செல்வி. ஆத்துல எல்லாரும் கேட்டுட்டா. எல்லாருக்கும் எடதுதான் ஓங்கிக் கேக்கறது."

கல்லாவில் இருந்த சத்தியநேசன் தலையை நிமிர்த்தினார். அவருக்குச் சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம், அந்த ஊர் வழக்கில் செல்வியை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். இப்போது தாழ்ந்திருந்தது.

"மாத்திக் குடு மக்களே. இது இன்னைக்கோட தீரும். கோலப்பன் வரட்டு."

மேஜைக்கடியில் ஒரு செருப்புப் பெட்டி நிறைந்து மூட முடியாமல் கிடந்தது. செல்வி கழித்துப் போட்ட பீஸ்கள். இந்த மூன்று மாதமாகக் கோலப்பன் கொண்டுவருகிற சரக்கில் பாதிக்குமேல் இடப்பக்கம் தாழ்ந்தே இருந்தது. கழித்தது போக நல்லது என்று அவள் தட்டில் போட்டதும் இப்படித் திரும்பி வருகிறது. ஓண வியாபாரம் தலைக்குமேல் நிற்கிறது. கோலப்பனை நிறுத்திவிட்டு கொச்சியிலிருந்து ஒரு பார்ட்டியை வரச்சொல்ல சத்தியநேசன் முடிவு பண்ணியாகிவிட்டது. கோலப்பனுக்கு இந்தக் கடையை விட்டால் பெரிய இடம் வேறு கிடையாது. நாகர்கோவிலிலிருந்து தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துபோகிற மனிதர் அவர்.

செல்வியின் அம்மா வடிவம்மாள் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் மாவு அரைக்கிறாள். அங்கே சாப்பிட வந்து பழக்கமானவர்தான் கோலப்பன். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் கிடந்தவளை இந்தக் கடைக்குக் கூட்டிவந்து, "நம்ம பிள்ளைதான், மொதலாளி," என்று சொல்லி நிறுத்தியவரும் அவர்தான். அந்த மனிதர் இப்படி ஓட்டைச் சரக்கைத் தலையில் கட்டுவார் என்று அவள் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு பீஸையும் பெட்டியில் போடும்போது வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனாலும் தொழில் என்று வந்தால் மாமா, மச்சான் பார்க்க முடியாது அல்லவா?

"ஒண்ணு செய்யலாமே," என்றான் அனந்த். "அந்த துபாய் ஜோடியை எடுங்கோ. அதையும் இதையும் மாத்தி மாத்திக் கேட்டா தெரிஞ்சுடும்."

சத்தியநேசனின் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜோடி அது. விற்பதற்கல்ல, ஒரு நல்ல இயர்போன் எப்படி ஒலிக்கவேண்டும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகவே ஷோகேஸில் தனியாக இருந்தது. அதன் சத்தம் செல்விக்கு மனப்பாடம். அதனாலேயே வெகுநாளாக அதை எடுக்கவில்லை.

ரப்பர் முனையைத் துடைத்துக் காதில் பொருத்தினாள். மணி அடித்தது. முதலாளி செருமினார். தேங்காய் உடைந்தது, வலது காதில் மட்டும் முழுசாக. சில்லுகள் அங்கேதான் ஓடின. தண்ணீர் அங்கேதான் தெறித்தது. இடப்பக்கம் அதே தேங்காய் துணியில் சுற்றி உடைத்ததுபோல எங்கோ தள்ளி விழுந்தது.

துபாய் ஜோடியும் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பாவம், அப்படி நினைக்கத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. மறுபடியும் போட்டாள். அதே கதை. அனந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முனைகளை இடம் வலமாக மாற்றினாள். அந்த ரகம் காதின் வளைவுக்கு ஏற்ப சாய்த்துச் செய்தது, மாற்றினால் சரியாக உட்காராது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இப்போது வலது காதில் இருப்பது இடப்பக்கத்து முனை. அதில் தேங்காய் கணீரென்று உடைந்தது. தண்ணீர் தெறித்தது. இடது காதில் அதே துணிச் சுற்றல்.

இயர்போனைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலது காதோரம் தேய்த்தாள். சரசரவென்று கேட்டது. இடது காதோரம் தேய்த்தாள். தேய்ப்பது விரலுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது. தாடை வீங்கி, வேப்பிலையும் மஞ்சளும் பூசிக்கொண்டு வீட்டில் கிடந்தாள். இறங்கின பிறகும் இடது காதில் கொஞ்ச நாள் இரைச்சல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் வேலை கெடும் என்று விட்டுவிட்டாள், அதுவும் தானாக அடங்கிவிட்டது. அடங்கியது இரைச்சல் மட்டுமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்பியதும், அம்மா சொன்னதையே இரண்டு தடவை சொல்ல வைத்ததும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கோலப்பன் சரக்கு கெட்டதும் சரியாக அந்த மூன்று மாதம்தான்.

நல்ல பீஸ் எல்லாம் அவள் காதில் இடப்பக்கம் தாழ்ந்து கேட்டிருக்கிறது, கழித்துப் பெட்டியில் போட்டிருக்கிறாள். வலப்பக்கம் நிஜமாகவே கெட்ட பீஸ் இருக்கிறதே, அதுதான் அவள் காதுக்குச் சரிசமமாகக் கேட்டிருக்கிறது. அதைத் தேடித் தேடி எடுத்து, செல்வி பார்த்தது என்று சொல்லி விற்றிருக்கிறாள். காலடியில் கிடக்கிற பெட்டி முழுக்க நல்ல சரக்கு.

"என்ன, தெரியறதா?" என்றான் அனந்த்.

அவள் பதில் சொல்வதற்குள் கோலப்பன் படியேறி வந்துவிட்டார்.

பையை இறக்கி வைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்து வந்த நிற்பு அது. செருப்புப் பெட்டியை அவரே பார்த்துவிட்டார்.

"அவ்வளவும் திரும்பிற்றா மொதலாளி?"

"பாத்தல்லே. வித்ததும் திரும்பி வருது. இந்த சார் கொண்டு வந்திருக்காரு, கேட்டுப் பாரு." சத்தியநேசன் குரல் இன்னும் தாழ்ந்தது. "எத்தற வருஷ பழக்கம் கோலப்பா. முகத்தில அடிச்சமாதிரி சொல்ல எனக்கும் ஏலாது. ஓணத்தோட நிறுத்திக்கிடுவோம்."

கோலப்பன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை போட்டிருந்தால் செல்விக்கு எளிதாக இருந்திருக்கும். சண்டைக்காரனிடம் மறைக்கிறது பெரிய பாவமாகத் தெரியாது.

"நான் கட்டுக்கு நாலஞ்சு வச்சுக் கேட்டுட்டுத்தான் கொண்டு வாறேன் மொதலாளி," என்றார் கடைசியில். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் கேக்கு. வயசாகுதுல்லா, எனக்க காதுதான் போயிற்றோ என்னமோ. செல்வி பாத்தா சரியாத்தான் இருக்கும். அவளுக்குத் தெரியாதா?"

அவர் தன் காதையே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

சும்மா இருந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. கோலப்பன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார், கொச்சிக்காரன் வருவான், அவனுடைய சரக்கை அவள் ஒற்றைக் காதால் சமாளித்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் இந்த நாற்காலி போகும். செவிட்டுக் காதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கடைப் பெயரைக் கெடுத்தவளை எந்த முதலாளி வைத்திருப்பார்? அம்மா இரண்டு இடத்தில் ஜாதகம் கொடுத்து வைத்திருக்கிறாள். காது மந்தமான பெண் என்று ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் அவர்கள் குடியிருக்கிற கரிமடம் காலனி முழுக்க அதே பெயர்தான். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே குனிந்து செருப்புப் பெட்டியை இழுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒங்க காது நல்லாத்தான் இருக்கு மாமா."

சொன்னது அவளுக்கே மெல்லத்தான் கேட்டது. பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். முதலில் வலப்பக்கத்து முனையை வலது காதில் வைத்துக் கேட்டாள். கழற்றினாள். பிறகு இடப்பக்கத்து முனையையும் அதே வலது காதில், சாய்வு பொருந்தாமல், விரலால் அழுத்திப் பிடித்துக் கேட்டாள். இரண்டிலும் தண்ணீர் தெறித்தது. அந்த ஜோடியை விற்பனைத் தட்டில் போட்டாள்.

"மக்களே, அது எடதுல்லா. தலகீழா வச்சிருக்க," என்றார் சத்தியநேசன்.

"தெரியும் அண்ணாச்சி."

அடுத்ததை எடுத்தாள். மறுபடியும் இரண்டு முனையும் ஒரே காதில். அதுவும் தட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. அனந்த் திருப்பிக் கொண்டுவந்த ஜோடியை எடுத்தாள். வலப்பக்கத்து முனையில் வெறும் 'தொம்'. அதைத் தனியாக, மேஜையின் மறு ஓரத்தில் வைத்தாள். வைக்கும்போது ஒயர் சிக்கிக்கொண்டது. அனந்த் உதவிக்குக் கை நீட்டினான், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சித்திரையில எனக்கு முண்டிநீர் வந்து தாடை வீங்கிச்சுல்லா, லீவு போட்டேனே," என்றாள், யாரையும் பார்க்காமல். "அப்போ போயிருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி. மாமா சரக்கு எப்பவும் போலத்தான் இருக்கு, குத்தம் என் காதுலதான்."

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு கடையைக் கடந்தது. அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோலப்பன் தோள் பையை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சும்மா நிற்க முடியாமல் இன்னொரு ஜோடியை எடுத்து வலது காதுக்குள் அழுத்தினாள். ரப்பர் முனை காதை அடைத்தது. தெரு அடங்கியது, கடை அடங்கியது. பிளேயரின் பொத்தானை அமுக்கினாள்.

அப்போது சத்தியநேசன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நேராக நின்று ஏதோ சொன்னார். நீளமாக ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வாக்கியம். இரு என்றாரா, போ என்றாரா தெரியவில்லை. உதடு அசைந்தது. இடது காதில் ஒரு முணுமுணுப்பு வந்து தங்காமல் போயிற்று. கோலப்பன் முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று திரும்பினாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனையைக் கழற்றிவிட்டு என்ன சொன்னீங்க என்று கேட்கலாம். கை காதுவரைக்கும் போயிற்று. போன கை முனையை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தியது. பதிவில் மணி அடித்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். எதிரே நின்ற முதலாளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். தேங்காய் இனிமேல்தான் உடைய வேண்டும்.