எப்சிபாவின் மகன்

மலையம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று போதகர் அவளுக்கு எப்சிபா என்று பேர் வைத்தார். எபிரெய மொழியில் ‘என் பிரியம் அவள்மேல்’ என்று அர்த்தமாம். எருசலேமைக் கைவிடப்பட்டவள் என்று எல்லாரும் ஏசிய காலத்தில், ஆண்டவரே அந்த நகரத்துக்கு வைத்த பேர் அது என்றார்.

குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். ஒரே மகன் தங்கப்பாண்டியன், வீரபாண்டித் திருவிழாவில் குடித்துவிட்டுக் கூட்டாளி மாரிசெல்வத்தைக் குத்திக் கொன்று, மதுரைச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்தான். ஊரில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திராட்சைத் தோட்டத்தில் களையெடுக்கும்போது புதுப் பேரை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். சொல்லும்போது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மதியத்தில் பந்தலடியில் உட்கார்ந்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தாள். ஒன்றரை வருஷத்தில் ராஜாக்களின் கதைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே மனாசே என்றொரு ராஜா. பெற்ற பிள்ளையைத் தீயில் போட்டவன், ஒரு பாவமும் அறியாதவர்களைக் கொன்று குவித்தவன். அவனுடைய தாயின் பேர் எப்சிபாள்.

அன்றைக்குக் கொண்டுபோன சோற்றை அவள் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் போதகரிடம் போனாள்.

“ஐயா, கொலகாரனப் பெத்தவளுக்கும் இதே பேருதான் வச்சிருக்காக. தெரிஞ்சுதான் எனக்கு வச்சீகளா?”

 அது போதகரின் நினைவிலேயே இல்லை. அவசரமாக வேதத்தில் வேறு பக்கம் புரட்டினார்.

“மனாசேயச் சங்கிலி போட்டு பாபிலோனுக்கு இழுத்துட்டுப் போனாகம்மா. அங்கன அவன் அழுது மன்றாடினான். ஆண்டவர் மன்னிச்சாரு.”

“அப்ப அவனப் பெத்தவ உசுரோட இருந்தாளா?”

“அது எழுதலம்மா.”

அந்த வாரமே மதுரைக்கு பஸ் ஏறினாள். கம்பிவலைக்கு அப்பால் நின்ற மகனிடம் ராஜாவின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ஏலே பாண்டி, செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுடா. மாரிசெல்வத்தோட ஆத்தா அக்கம்மா கால்ல நான் போயி விழுகுறேன்.”

“நீ எதுக்கு விழுகணும்? அவன் தம்பி ஒருத்தன் இருக்கான்ல, கோர்ட்டுல என்னையக் கை காட்டுனவன். வெளிய வந்தா மொதல்ல அவன்தான்.”

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பசிக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, ஒன் சின்ன மகன எங்கனயாச்சும் வெளியூருக்கு அனுப்பிரு. என் மகன் மனசு இன்னும் மாறல.”

முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள் அக்கம்மாள்.

“ஒண்ணக் கொன்னது பத்தாதுன்னு வாசலுக்கே மெரட்ட வந்துட்டியாடி?”

மலையம்மாள் வாய் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. உள்ளே அக்கம்மாள் கதறுவது தெரு முழுக்கக் கேட்டது. ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அடுத்த மாதம் மலையம்மாள் மகனைப் பார்க்க மதுரைக்குப் போகவில்லை. சபைக்கும் போகவில்லை. களையெடுக்கும்போது அந்தப் பேரை உதட்டுக்குள் சொல்வதும் நின்றுபோனது.