லேபிளில் நின்ற பாப்பா

2004-இல் நான் திருத்தங்கலில் அய்யாதுரை அண்ணாச்சியின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றால், பழைய பட்டாசு லேபிளை ஸ்கேன் செய்து கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற ஆள். ஆறு வருஷம் அதைத்தான் செய்தேன். படம் போடுகிற கோரல் டிரா சாஃப்ட்வேரில் எனக்குத் தெரியாத மூலை இல்லை. ஆனால் நானாக வரைந்தது என்று ஒரு கோடுகூட அச்சில் ஏறியதில்லை. எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது.

அந்த வருஷம் அண்ணாச்சி டிசைனருக்கென்று தனியாக ஒரு ஏசி அறை கட்டினார். சென்னையிலிருந்து தருண்குமார் என்று ஒருவரைக் கூட்டிவரப் பேச்சு நடந்தது. நான் நேரே போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, அந்த அறையில நான் உக்காந்தா ஆகாதா?”

அவர் சிரிக்கவில்லை. “ஞானசுந்தரியம்மா கம்பெனிக்கு டெல்லி ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு, நசிமா. குழாய்ப் புஸ்வாணம், மேலயும் கீழயும் ஒரே அளவு. அதுக்கு லேபிள் நீ போடு. நல்லா வந்தா அறை ஒனக்கு. இல்லன்னா ஆடி முடியவும் அந்தப் பையன் வந்துருவான். பெறகு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.”

பழைய லேபிளின் நடுவில், கவுன் போட்ட வெள்ளைக்காரப் பாப்பா ஒன்று நின்றுகொண்டிருந்தது. புஸ்வாணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊர் லேபிள்கள் எல்லாம் அப்படித்தான். பாப்பா, முயல், வாத்து, ஏதாவது ஒன்று நிற்கும். முதல் வேலையாக அதைத் தூக்கினேன். பச்சையும் வெள்ளியுமாக வட்டமான ஒரு பூ வரைந்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் பூ. அதன் நடுவில், டெல்லிக்காரர் எழுதி அனுப்பிய இந்திப் பெயர். வேறொன்றும் கிடையாது.

“வெளிநாட்டுச் சரக்கு மாதிரில்ல இருக்கு” என்றார் ஞானசுந்தரியம்மா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அத்தாவிடம் காட்டினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடக் காட்டினேன்.

பத்தாம் நாள் ஞானசுந்தரியம்மாவிடமிருந்து போன் வந்தது. அண்ணாச்சி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் நன்றாகவே கேட்டது.

“ஒட்டுனதுல பாதி தலகீழா இருக்கு, அண்ணாச்சி. லேபிளப் பாத்து நிறுத்துறவன் திரியத் தரையில வச்சிருவான். அங்கன பிள்ளைக கை என்னத்துக்கு ஆகும்? நல்லவேளை, லாரியில ஏத்தல.”

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டு, தருண்குமாரின் நம்பரை எழுதி வைத்திருந்த டைரியை எடுத்துப் புரட்டினார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒட்டத் தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு என் லேபிளைக் குறை சொல்கிறார்களே! நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று மறுநாள் காலை கம்பெனிக்குப் பஸ் ஏறினேன்.

தீப்பொறிக்குப் பயந்து வாசலிலேயே செருப்பையும் செல்போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். லேபிள் ஒட்டும் ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தலைகீழான லேபிள்களை உரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இருந்தவள் வேலுத்தாய். என் வயதுதான் இருக்கும்.

“ஏன் இப்படித் தலகீழா ஒட்டுனீக?” என்றேன்.

“ஓ, படம் போட்ட மகராசி நீதானா?” பசைக் கையோடு ஒரு லேபிளை என்னிடம் நீட்டினாள். “நீயே சொல்லு தாயி, இதுல தல எது, காலு எது?”

“எழுத்து இருக்குல்ல?”

“இந்தி எங்கப்பனுக்கும் தெரியாது. ஒனக்குத் தெரியுமா?”

எனக்கும் தெரியாது. தாளில் இருந்ததை அப்படியே ஸ்கேன் செய்து வைத்தவள்தானே நான். கையிலிருந்த லேபிளை இரண்டு தடவை திருப்பினேன். எது நேர் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

“முந்தி அதுல ஒரு பாப்பா நிக்கும்” என்றாள் வேலுத்தாய். “பாப்பா தல திரிப்பக்கம் போனாச் சரி. கண்ண மூடிக்கிட்டு ஒட்டுவோம். அந்தப் பிள்ளையத் தூக்குன சிறுக்கி எவளுன்னு ரெண்டு நாளா வைஞ்சுக்கிட்டு இருக்கோம்.”

அந்தச் சிறுக்கி அவள் எதிரில்தான் நின்றாள். அவமானமாக இருந்தது. ஆறு வருஷத்தில், என் கையிலிருந்து போன லேபிளை ஒட்டுகிற ஒரு கையைக்கூட நான் பார்த்ததில்லை.

பழைய பாப்பாவைத் திரும்ப வைக்க அரை மணி நேரம் போதும். மனசு ஒப்பவில்லை. சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே உட்கார்ந்து நானும் லேபிள் உரித்தேன். பிறகு கேட்டேன்.

“ஒங்கள வரையட்டுமா?”

“என் மூஞ்சியவா? புஸ்வாணம் நமுத்துல்ல போகும்!” என்றாள். சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

வேலுத்தாய் மாதிரியே கொண்டை போட்ட ஒரு பெண், நெற்றியில் கையை வைத்து, தலைக்கு மேல் சிதறும் பச்சைப் பொறிகளை அண்ணாந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் புது லேபிள். அண்ணாச்சி அதைப் பார்த்து முகம் சுளித்தார். “பட்டாசுல வேலைக்காரப் பொம்பள படமா? எவன் வாங்குவான்?”

“ஒரு நாள் ஒட்டிப் பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு தலகீழா வந்தாலும், தருண்குமாருக்கு அந்த அறைய நானே தொடச்சு வைக்கேன்.”

அண்ணாச்சி அரை மனசோடு ஒத்துக்கொண்டார்; மறுவாரம் ஒரு நாள் அதை ஒட்டினார்கள். அன்று மாலை கம்பெனிக்குப் போய், அண்ணாச்சியும் நானும் ஞானசுந்தரியம்மாவும் தட்டுத் தட்டாகப் பார்த்தோம். ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. அண்ணாச்சி நம்பாமல் இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு செல்போனுக்காகச் சட்டைப் பையைத் தடவினார். அது வாசலில் இருந்தது.

“வெளிய போனதும் ஞாபகப்படுத்து” என்றார். “அந்தச் சென்னைப் பையன வர வேண்டாம்னு சொல்லணும்.”

வேலுத்தாய் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எப்படி ஒண்ணுகூட மாறல?” என்று கேட்டேன்.

“என்னைய நானே தலகீழா நிறுத்துவனாக்கும்? மத்தவளுகளத்தான் நிறுத்த விடுவனா?” என்றாள் அவள். “பத்து வருஷமா லேபிள் ஒட்டுதேன் தாயி. இன்னைக்குத்தான் ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து ஒட்டுனேன்.”